சோலைமுத்துவின் புத்தகத்தில் நான் அழித்த மூன்று வரிகள்

அன்றைக்குக் கிளிநொச்சியில் எங்கள் அரசாங்க அலுவலகத்தில், அதாவது கந்தோரில், இருந்தவர்கள் மூன்று பேர். நான், தட்டெழுத்தாளர் பரமேஸ்வரி அக்கா, பியோன் சின்னராசா அண்ணை. இல்லாதவர்கள் இரண்டு பேர். பிரதேச செயலாளர் வவுனியாவில் ஒரு கூட்டத்துக்குப் போன இடத்தில் யுத்தத்தால் பாதை மூடப்பட்டு அங்கேயே நின்றுவிட்டார். எங்கள் தலைமை எழுத்தர், பிரதம லிகிதர் கனகசபை ஐயா மலேரியாக் காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்தார். இந்த இருவரில் ஒருவர் வந்திருந்தாலும் சோலைமுத்து என்பவருடைய புத்தகம் என் மேசைக்கு வந்திருக்காது.

போன வருடம் நான் ஓய்வுபெற்றேன். பிரியாவிடைத் தேநீர் விருந்தில் புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகள் சுற்றியிருந்து கதை கேட்டார்கள். இப்போது அவர்கள் ஒரு பத்திரத்தைக் கண்ணாடியில் கவிழ்த்து வைத்துப் பொத்தானை அமுக்கினால் போதும்; கறையும் மடிப்பும் உட்பட அப்படியே கணினிக்குள் போய்விடும். ஒரு பிள்ளை கேட்டாள்: “ஐயா, சேவையில நீங்கள் விட்ட பெரிய பிழை என்ன?” எல்லாரும் சிரித்தார்கள். பிழையே விடாத ஆள் என்று எனக்கு அங்கே ஒரு பெயர் இருந்தது. கேக் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லி முடிக்கிற கதை இல்லை என்பதால் எழுதுகிறேன்.

என் அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. எழுபத்தேழுக் கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டிலிருந்து எங்களைக் கூட்டிக்கொண்டு வந்து, கிளிநொச்சிப் பக்கம் கூலிக்கு மிளகாய்க் கன்று நட்டவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கடைசி வகுப்பு வரைக்கும் இருந்த முதல் ஆள் நான். லிகிதர் சோதனையில் தேறி நியமனக் கடிதம் வந்தபோது, அப்பா அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். நான் திருப்பிக் கொடுக்கவில்லை. அப்படியே பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பயிற்சி என்று கொழும்புக்கு யாரும் கூப்பிடவில்லை. தாள்களைக் கோவையாகக் கட்டுவது, பக்கத்துக்கு இலக்கம் போடுவது, வந்த கடிதத்தைப் பதிவேட்டில் ஏற்றுவது எல்லாவற்றையும் மூன்று கிழமையில், இருபத்தொரு நாளில், பழகினேன். மிச்சத்தைக் கனகசபை ஐயாவின் வாயிலிருந்து வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அவர் ஒல்லியான மனிதர். எட்டு மணி பத்து நிமிடத்துக்குக் குடையைக் கதவில் கொழுவுவார். கதிரையில் உட்கார்ந்ததும் மேசை லாச்சியை இழுத்துத் திறந்து ஒரு பென்சில், ஒரு மைப்பேனை, ஓர் அழிறப்பர் மூன்றையும் வரிசையாக வைப்பார். அழிறப்பரின் நடுவில் துளை போட்டுச் சணல் நூலால் மேசைக் காலில் கட்டியிருப்பார். யுத்தத்தால் மின்சாரமும் இல்லை, காபன் தாளும் இல்லை, தட்டெழுத்துப் பொறியின் நாடாவை மறுபடி மறுபடி மை பூசி ஓட்டிய காலம். ஓர் அழிறப்பர் தொலைந்தால் அடுத்தது வவுனியாவிலிருந்து எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

எங்கள் வேலை முழுவதும் பென்சிலில்தான் ஓடியது. நான் வரைவைப் பென்சிலில் எழுத வேண்டும். அவர் பென்சிலில் திருத்துவார். செயலாளர் கோவையின் ஓரத்தில் பென்சிலில் ஒரு சொல் போடுவார். கடைசியாக, தட்டெழுதி வெளியே போகிற பத்திரத்திலும் அதோடு இணைக்கிற மூலப் பத்திரங்களிலும் ஒரு பென்சில் கீறு கூட இருக்கக் கூடாது. ஐயா ஒவ்வொரு தாளையும் யன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். எங்காவது ஒரு கீறு தெரிந்தால் முழுக் கந்தோருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்லுவார்.

“இஞ்ச வாரும் ஐசே. பென்சில் எண்டது நாங்கள் வீட்டுக்குள்ள சாரத்தோட இருந்து கதைக்கிற கதை. வெளியில போகேக்க உடுப்புப் போட்டுத்தான் அனுப்ப வேணும். விளங்குதோ?”

இன்னொரு சட்டமும் வைத்திருந்தார். படிவத்தில் கட்டம் போட்டு விட்டிருக்கிற எந்தக் கூடும் வெறுமையாகப் போகக் கூடாது. எழுத ஒன்றும் இல்லையென்றால் ‘இல்லை’ என்று அடிக்க வேண்டும். வெறுங்கூட்டை விட்டால் போகிற வழியில் யாரும் எதையும் எழுதலாம். இரண்டு சட்டமும் நல்ல சட்டங்கள். நான் அவற்றை வேதம் மாதிரிப் பிடித்துக்கொண்டேன். படிக்காத வீட்டுப் பிள்ளை பிழை விட்டால் பிழை வீட்டுக்குப் போய்ச் சேரும் என்ற பயம் எனக்கு எப்போதும் இருந்தது.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு, சிறுபோக அறுவடைக் காலம். சோலைமுத்து கந்தோர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். எழுபத்தைந்து வயதிருக்கும். ஒருவரின் மிளகாய்த் தோட்டத்தில் காவல் வேலை. கையில் ஒரு பொலித்தீன் பொதி. பிரித்தால் உள்ளே இன்னொரு பொலித்தீன், அதற்குள் எண்ணெய்த் துணி, அதற்குள் ஒரு சிவப்பு மட்டைப் புத்தகம்.

“வணக்கமுங்க. பெரியவரு இல்லீங்களா?”

“காய்ச்சல். என்ன விசயம் எண்டு என்னட்டச் சொல்லுங்கோ.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். “தம்பி நம்ம பக்கத்து ஆளுங்களா?”

கந்தோரில் நான் கிளிநொச்சிக் கதைதான் கதைப்பேன். வீட்டில்தான் மலைநாட்டுப் பேச்சு. எப்படிக் கண்டுபிடித்தார் என்று தெரியவில்லை. நான் பதில் சொல்லுமுன் சின்னராசா அண்ணை வாசலிலிருந்து சொன்னார்: “ஓம் ஐயா, உங்கட ஆள்தான். எங்களோட சேர்ந்து கெட்டுப்போச்சு.”

அந்தப் புத்தகம் அவர் இரண்டாம் உலக யுத்தத்தில் வெள்ளைக்காரருடைய பட்டாளத்தில் இருந்து விடுபட்டபோது கொடுத்தது. தோட்டத்திலிருந்து ஆள் சேர்த்துக்கொண்டு போனார்கள். துப்பாக்கி பிடிக்கிற பட்டாளம் இல்லை. மண் வெட்டி, கல் சுமந்து, கப்பலில் சாமான் இறக்கி, பாதை போடுகிற பட்டாளம். எகிப்திலும் அதற்கு அப்பால் மணற்காட்டிலும் மூன்று வருடம் இருந்தார். திரும்பி வந்து மறுபடி தோட்டத்தில் கொழுந்துக் கூடை தூக்கினார். அதற்குப் பிறகு நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்தது. மலைநாட்டுத் தோட்டத் தமிழர் எல்லாரையும் போல அவருக்குக் குடியுரிமை போயிற்று.

பொதிக்குள் ஓர் ஆங்கிலக் கடிதமும் இருந்தது. தேவாலயத்துப் பாதர் ஒருவர் இவருக்காக எழுதிக் கேட்டதற்கு, பழைய சிப்பாய்களுக்கு உதவுகிற பிரித்தானிய நிதியம் ஒன்று அனுப்பிய பதில். விடயம் சுருக்கமானது. கடல் கடந்து சேவை செய்தவர்களுக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் மட்டுமே உதவிப்பணம் உண்டு. கடல் கடந்ததற்குச் சாட்சி பதக்கங்கள். அவர்களிடம் இருக்கும் இவருடைய பட்டாள விடுகைப் பதிவில் பதக்கம் எதுவும் ஏறவில்லை. கையிலிருக்கும் புத்தகத்தில் பதக்கம் குறிக்கப்பட்டிருந்தால், அரசாங்க உத்தியோகத்தர் அத்தாட்சிப்படுத்திய பிரதியை அனுப்பினால் பதிவைத் திருத்தலாம்.

“எனக்கு இனிமே எதுக்குங்க,” என்றார். “நம்ம வீட்டுல ராமாயிக்கு ரெண்டு கண்ணும் போச்சு. புள்ளைங்களும் பக்கத்துல இல்ல. நான் செத்தா மறுநாளு யாரு சோறு போடுவா? விதவைக்கும் குடுப்பாங்கன்னு பாதர் படிச்சுச் சொன்னாருங்க.”

புத்தகத்தை வாங்கிக்கொண்டு பற்றுச்சீட்டு எழுதிக் கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை வரச் சொன்னேன். நம்முடைய ஆள்; ஒரு குறையும் இல்லாமல் செய்து கொடுக்க வேண்டும் என்று மனதுக்குள் ஒரு வேகம். அந்த வேகம்தான் வினையாயிற்று.

போட்டோப் பிரதி எடுக்க வழியில்லை. புத்தகத்தைப் பக்கம் பக்கமாகத் தட்டெழுத வேண்டும். மூலப் புத்தகத்தையும் கூடவே செயலாளரின் மேசையில் வைத்து ஒப்பம் வாங்க வேண்டும். ஆகவே முதலில் புத்தகத்தைச் சுத்தப்படுத்தினேன். அது முழுவதும் பென்சில் கிறுக்கல். ஐம்பதுகளில் யாரோ அதில் தோட்டத்தில் வேலை செய்த பேர் நாள் எண்ணியிருந்தார்கள். அரிசிக் கொத்துக் கணக்கு இருந்தது. பிள்ளைகள் யானை கீறியிருந்தார்கள். பரமேஸ்வரி அக்கா கேட்டா, “என்ன தம்பி, பெருநாளுக்கு வீடு கழுவுறீரோ?” கனகசபை ஐயாவின் அழிறப்பரை நூலோடு அவிழ்த்தெடுத்து வந்து, வாசிக்கக் கூட நிற்காமல், மட்டையிலிருந்து மட்டை வரைக்கும் அழித்தேன். ஒன்பதாம் பக்கத்தில் ஒரு கூட்டுக்குள் மங்கலாக மூன்று வரி. 39/45 என்று தொடங்கிற்று. அதுவும் யாரோ கடைக்காரன் கூட்டிப் பார்த்த கணக்கு என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகுதான் மையில் இருந்ததை வாசித்தேன். அக்கா தட்டினா, நான் சொன்னேன். ‘பதக்கங்கள்’ என்ற கூடு வந்தது. வெறுமை. முன்னும் பின்னும் புரட்டினேன். எங்கும் பதக்கம் இல்லை; நான் அழித்த அந்தக் கணக்கு அதுதானோ என்று தோன்றவே இல்லை.

“பாவம் மனுசன்,” என்றேன் அக்காவிடம். “ஒண்டும் இல்லாமல் இவ்வளவு நாளும் பொத்தி வச்சிருந்திருக்கிறார்.”

“அப்ப என்ன அடிக்க?”

“இல்லை எண்டு அடியுங்கோ.”

செவ்வாய்க்கிழமை அவர் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார். ராமாயி அவருடைய தோளைப் பிடித்தபடி நடந்து வந்து வாங்குப் பலகையில் உட்கார்ந்தார். நான் முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு, புத்தகத்தில் பதக்கம் எதுவும் பதியப்படவில்லை, ஆனாலும் செயலாளர் வந்து ஒப்பமிட்டதும் பிரதியைத் தருகிறேன், அனுப்பிப் பாருங்கள் என்று விளக்கினேன். அவர் புத்தகத்தை வாங்கினார். எழுத்துத் தெரியாத மனிதர் ஒவ்வொரு இதழாகத் தள்ளி ஒன்பதாம் பக்கத்தில் நிறுத்தி, அந்த வெறுங்கூட்டின் மேல் விரலை வைத்தார்.

“இதுல மூணு வரி இருந்துச்சுங்களே.”

குனிந்து பார்த்தேன். 39/45 என்று தொடங்கியதை நான் அழித்த அதே கூடு.

“அந்தத் தொரை எழுதினாருங்க. மை போத்தல் கப்பல்ல ஒடஞ்சு போச்சு, இப்போதைக்குப் பென்சில்ல எழுதுறேன், ஊருக்குப் போனதும் பேனாவுல எழுதி மெடல அனுப்புவாங்கன்னாரு. மூணு மெடலு. நான் பாத்துக்கிட்டுத் தானுங்க நின்னேன்.” விரலை எடுக்காமலே என்னைப் பார்த்தார். “போன வாரம் கூட இருந்துச்சு தம்பி.”

 ராமாயி வாங்கிலிருந்து கேட்டார்: “என்னா சொல்றாங்க?”

“எழுத்தக் காணோம்.”

“எழுத்துத் தெரிஞ்சவங்க கையில குடுத்தா பத்தரமா இருக்கும்னு தானய்யா கொண்டாந்து குடுத்த?” என்றார் ராமாயி. என்னைக் கேட்கவில்லை, கணவனைத்தான் கேட்டார். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

“வெள்ளிக்கிழமை வாங்க,” என்றேன். அழித்தது நான் என்று சொல்லவில்லை. அவர்கள் புத்தகத்தை மறுபடி என்னிடமே விட்டுவிட்டுப் போனார்கள். 

அடுத்த நாள் காலை நேரத்தோடு கந்தோருக்கு வந்து, கிழக்கு யன்னலில் புத்தகத்தைச் சரித்துப் பிடித்தேன். சாய்ந்த வெயிலில் தாள் பேசியது. பென்சில் போய்விட்டாலும் அந்த வெள்ளைக்காரர் அழுத்தி எழுதிய பள்ளம் போகவில்லை. மூன்று வரியும் நிழல் மாதிரித் தெரிந்தன. எனக்கு உயிர் வந்தது. பென்சிலைக் கூராகச் சீவினேன். முதலாவது வரியின் பள்ளத்துக்குள் முனையை வைத்து, எழுத்துக்கு எழுத்து மெதுவாக ஓட்டினேன். அச்சு அசலாக வந்தது. இரண்டாவது வரிக்குப் போகுமுன் கதவில் குடை கொழுவுகிற சத்தம் கேட்டது.

கனகசபை ஐயா கம்பளிச் சால்வையைப் போர்த்திக்கொண்டு நின்றார். காய்ச்சல் விட்டு முதல் நாள்.

“என்ன ஐசே கீறுறீர்?”

சொன்னேன். ஒன்றும் மறைக்கவில்லை. அவர் புத்தகத்தை வாங்கி யன்னலில் சரித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“அழிச்சது பிழை. இப்ப செய்யிறது களவு. பென்சிலைக் கீழ வையும்.”

வைத்தேன். அவர் கதிரையில் இருந்தார். லாச்சியைத் திறக்கவில்லை. நான் பேச்சு வாங்கத் தயாராக நின்றேன். ஆனால் குரல் இறங்கிப்போய் வந்தது.

“எனக்கு இன்னும் எட்டு மாசம் இருக்கு. முப்பத்தாறு வருசத்தில என்ர கோவையில ஒரு சிவப்புக் கீறு இல்லை. எங்கட பொறுப்பில பாரம் எடுத்த மூலப் பத்திரத்தைப் பழுதாக்கினது எண்டு போனால் விசாரணை வரும். எனக்குப் பென்சன் நிக்கும்.” சால்வையை இழுத்து விட்டுக்கொண்டார். “அந்த மனுசனுக்கு எழுத்துத் தெரியாது. புத்தகம் வரேக்க இப்பிடித்தான் வந்தது. உமக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.”

பரமேஸ்வரி அக்கா அப்போதுதான் வந்து தட்டெழுத்துப் பொறியின் உறையை மடித்துக்கொண்டிருந்தா. திரும்பாமலே சொன்னா: “எனக்குத் தெரியும் ஐயா.”

“உம்மை ஆர் கேட்டது?”

“இன்னும் ஒருத்தரும் கேக்கேல்லை. கேட்டால் சொல்லுவன்.”

 சின்னராசா அண்ணை தண்ணீர்ப் பானையை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டார்.

“நான் எழுதித் தாறன் ஐயா,” என்றேன். “அழிச்சது நான். என்ர பேரில எழுதித் தாறன்.”

“எழுதும். எழுதினால் அது உம்மட கோவையில ஏறும். ஏறினது இறங்காது. தெரியுமோ?”

“ஓம் ஐயா.”

“வீட்டில உழைக்கிறது நீர் ஒராள் தானே?”

“ஓம் ஐயா.”

 நான் மூன்று தாளில் கூற்று எழுதினேன். எந்தத் தேதி வாங்கினேன், எதற்காக அழித்தேன், எவ்வளவு வாசித்தேன், எந்த வரியின் மேல் மறுபடி பென்சில் ஓட்டினேன் என்று எல்லாம். அந்தக் கடைசி விடயத்தை எழுதாமல் விடலாமா என்று யோசித்தேன். ஐயாவைத் தவிர வேறு யாரும் அதைக் காணவில்லை. ஆனால் அதை விட்டுவிட்டால் மிச்சத்தை எழுதுவதில் அர்த்தமில்லை.

வியாழக்கிழமை எட்டுப் பத்துக்கு ஐயா குடையைக் கொழுவினார். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து என் மேசையில் போட்டார். அவருடைய கூற்று. ‘வெளிச்செல்லும் பத்திரங்களிலும் இணைப்புகளிலும் உள்ள பென்சில் குறிப்புகளை அழிக்கும்படி இந்தக் கந்தோரில் வாய்மொழிக் கட்டளை இட்டவர் கீழே ஒப்பமிட்டவரே. மூன்றாந் தரப்பாருடைய மூலப் பத்திரங்களுக்கு அக்கட்டளை பொருந்தாது என்று அவர் எவருக்கும் சொல்லி வைக்கவில்லை.’ கீழே கையொப்பம், மையில்.

“ஐயா...”

“பல்லைக் காட்டாதையும். வீட்டில மனுசி சொன்னவ எழுதச் சொல்லி. எனக்கு விருப்பமில்லை.” லாச்சியைத் திறந்தார். “புத்தகத்தை எடும். வெயில் ஏற முதல் வேலையைப் பாப்பம்.”

அன்று அவர் செய்த வேலையை நான் பிறகு என் சேவைக்காலம் முழுவதும் எத்தனையோ பழுதான பத்திரங்களுக்குச் செய்திருக்கிறேன். மேசையை முற்றத்துக்குத் தூக்கிப்போய்க் கிழக்குப் பார்க்க வைத்தோம். புத்தகத்தைக் கண்ணாடித் துண்டின் மேல் விரித்து இரண்டு பக்கமும் கல் வைத்தோம். ஒருவர் வாசிக்கும்போது மற்ற இருவரும் முதுகைக் காட்டிக்கொண்டு தூரத்தில் நிற்க வேண்டும். வாசித்ததைத் தனித்தனித் தாளில் எழுதி, மடித்து, பேர் போட்டு, சின்னராசா அண்ணையின் தொப்பிக்குள் போட வேண்டும். தெரியாத எழுத்துக்குப் புள்ளி வைக்க வேண்டும்; ஊகிக்கக் கூடாது. முதல் ஐயா, பிறகு அக்கா, கடைசியாக நான். நடுவில் குண்டு போடுகிற பொம்பர் விமானத்தின் இரைச்சல் கேட்டு எல்லாரும் பங்கர்க் குழிக்குள் இறங்கினோம். ஐயா புத்தகத்தைச் சட்டைக்குள் வைத்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு குந்தியிருந்தார். சின்னராசா அண்ணை தொப்பியைப் பொத்திக்கொண்டு, “ஐயா, இது செத்தவீட்டில சீட்டுக் குலுக்கிற மாதிரிக் கிடக்கு,” என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை.

மூன்று தாளையும் பிரித்தோம். இரண்டாவது வரி: ஆபிரிக்க நட்சத்திரம் என்ற பதக்கம். மூவரும் ஒன்று. மூன்றாவது வரி: யுத்தப் பதக்கம், அதன் பக்கத்தில் அந்த அதிகாரியின் சுருக்கொப்பம். மூவரும் ஒன்று. முதலாவது வரியை ஐயா யாரையும் வாசிக்க விடவில்லை. “அது இப்ப உம்மட எழுத்து,” என்றார். “நீர் வெள்ளைக்காரன்ர பள்ளத்தைப் பென்சிலால நிரப்பிப் போட்டீர்.”

வெள்ளிக்கிழமை சோலைமுத்து தனியாக வந்தார். ஐயா அவரைக் கதிரையில் இருக்கச் சொன்னார். நான் நின்றுகொண்டு சொன்னேன், மலைநாட்டுப் பேச்சில்.

“நான் தாங்க அழிச்சேன். தெரியாம அழிச்சேன். அன்னைக்கே ஒத்துக்காதது தப்பு.”

அவர் என்னைப் பார்த்தார். அடிக்க மாட்டாரா என்று இருந்தது.

“வெள்ளக்காரன் பென்சில்ல எழுதினான். அதுக்கு அம்பது வருசம் ஒண்ணும் ஆகல. கரையான் திங்கல, கலவரத்துல எரியல. ஒங்க கிட்ட ஒரு வாரம்தான் இருந்துச்சு,” என்றார்.

ஐயா தலையைக் குனிந்துகொண்டார். நானும்.

அதிகாரி மூன்று வரியும் எழுதக் கண்டதாக அவருடைய சத்தியக் கடதாசியை எழுதி, வாசித்துக் காட்டி, சத்தியம் வாங்க அதிகாரமுள்ள சமாதான நீதவானிடம் கூட்டிப்போய்ப் பெருவிரல் அடையாளம் வைப்பித்தோம். பாதை திறந்து செயலாளர் வந்ததும் எல்லாவற்றிலும் ஒப்பமிட்டார். எங்கள் கூற்றுகளோடு மூலப் புத்தகத்தையே நிதியத்துக்கு அனுப்புவது என்று முடிவாயிற்று. தாளைப் பரிசோதிக்கிறவர்கள் பிரித்தானியாவில் இருப்பார்கள் என்றார் ஐயா. அனுப்பலாமா என்று கேட்டபோது சோலைமுத்து, “இங்க வச்சிருந்தா இன்னும் அழிச்சிருவீங்க, அனுப்பிருங்க,” என்றார். பட்டாளத்துப் புத்தகம் ஒன்று போராளிகள், இராணுவம் என்ற இரண்டு பக்கத்துச் சோதனைச் சாவடிகளையும் கடந்து போக வேண்டும். யார் கையில் பட்டாலும் எவனோ ஒரு சிப்பாயின் புத்தகம் என்று எடுத்து வைத்துவிடலாம். செயலாளர் தன் கோவைப் பெட்டியில் தானே வவுனியாவுக்குக் கொண்டுபோய்ப் பதிவுத் தபாலில் போட்டார்.

விதிப்படி, எங்கள் இரண்டு கூற்றின் பிரதியும் மாவட்டத் தலைமைக் கந்தோரான கச்சேரிக்குப் போயிற்று.

பத்து மாதம் பதில் இல்லை. சோலைமுத்து மாதத்துக்கு ஒரு முறை வந்து வாசலில் நின்று என்னைப் பார்ப்பார். நான் தலையை ஆட்டுவேன். அவர் போய்விடுவார். கனகசபை ஐயாவுக்கு அதற்குள் சேவை முடிந்தது. விசாரணை முடியாததால் பென்சன் வரவில்லை. அவரும் கிழமைக்கு ஒரு முறை சைக்கிளில் வந்து அதே வாசலில் நிற்பார். சில நாட்களில் இருவரும் ஒன்றாக நின்றார்கள். ஒரு நாள் சோலைமுத்து அவரைக் கேட்டது எனக்குக் கேட்டது: “ஒங்களுக்கும் வரலீங்களா?” ஐயா சொன்னார்: “இல்லை ஐயா. நாங்கள் ரெண்டு பேரும் இப்ப ஒரு பட்டாளம்.”

பதில் வந்த அன்று நானே சைக்கிளில் மிளகாய்த் தோட்டத்துக்குப் போனேன். காவற் குடிலுக்கு முன்னால் சோலைமுத்து வரம்பில் குந்தியிருந்தார். ராமாயி பக்கத்தில் மிளகாய்க் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். கண் தெரியாமலே ஒன்றும் தவறாமல் கிள்ளினார். நான் கடிதத்தை வாசித்து வாசித்துச் சொன்னேன். அவருடைய பிரிவின் பதக்கப் பட்டியல் அங்கேயும் தொலைந்துவிட்டதாம். ஆகவே புத்தகத்தைத்தான் பரிசோதித்திருக்கிறார்கள். இரண்டாவது, மூன்றாவது வரிகள் விடுவித்த அதிகாரியின் கையெழுத்து என்று ஏற்றுக்கொண்டார்கள். விடுகைப் பதிவு திருத்தப்பட்டது. உதவிப்பணம் அனுமதிக்கப்பட்டது, அவருக்குப் பின் மனைவிக்கும்.

“எனக்கும்னு போட்டுருக்கா?” என்றார் ராமாயி.

“ஆமாங்க. ஒங்க பேரு போட்டே இருக்கு.”

“இன்னொருக்கா படி தம்பி.”

படித்தேன். அவர் மிளகாய் கிள்ளிய கையை முகத்துக்குக் கொண்டுபோகாமல் முழங்கையால் கண்ணைத் துடைத்தார்.

“மூணாவது மெடலு?” என்றார் சோலைமுத்து. “ரெண்டு தானே சொன்னீங்க.”

மிச்சத்தையும் வாசித்தேன். முதலாவது வரி பிற்காலத்தில் வேறொருவரால் எழுதப்பட்டிருப்பதாலும், அதை எழுதியவரே ஒப்புக்கொண்டிருப்பதாலும், அதனடியில் இருந்த எழுத்தை இனி அறிய முடியாததாலும், அதில் சொல்லும் 39/45 நட்சத்திரம் என்ற பதக்கத்தைப் பதிவில் சேர்க்க முடியாது. இந்த முடிவு இறுதியானது.

“அப்ப நீங்க கை வைக்காம விட்டுருந்தா?”

“மூணும் கெடச்சிருக்கும்ங்க.”

அவர் வரம்பில் கிடந்த ஒரு மண்கட்டியை எடுத்து நொறுக்கினார். 

“சரி,” என்றார் கடைசியில். “ரெண்ட நான் வச்சுக்கிறேன். ஒண்ண நீங்க வச்சுக்கங்க தம்பி.”

அது பகிடியா, வசையா என்று அன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. பிறகு கேட்கவும் இல்லை. தொண்ணூற்றாறில் யுத்தத்துக்குப் பயந்து கிளிநொச்சியை விட்டு எல்லாரும் எழும்பியபோது அவர்கள் செட்டிகுளம் பக்கம் போனதாக அறிந்தேன். நாங்கள் கந்தோரையே உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு காட்டோரம் காட்டோரமாக இடம் மாறினோம். பிறப்புப் பதிவேடுகளை மழையில் சைக்கிள் காரியரில் கட்டிக் கொண்டுபோயிருக்கிறேன். எத்தனையோ பேருடைய பத்திரங்கள் என் கையால் போயிருக்கின்றன. பென்சில் கீறு இருந்தால் இருக்கட்டும் என்று அனுப்பினேன். ‘பென்சிலில் உள்ளது’ என்று பக்கத்தில் மையில் எழுதி ஒப்பமிட்டேன். அதனால்தான் பிழையில்லாத ஆள் என்ற பெயர் வந்தது.

கச்சேரியின் தீர்ப்பு எங்கள் கூற்றுகள் போய் ஒரு வருடம் கழித்து வந்திருந்தது. எனக்கு ஒரு வருடச் சம்பள உயர்ச்சி நிறுத்தம்; மாதம் ஐம்பது ரூபாப்படி அறுநூறு ரூபா. கனகசபை ஐயாவின் பென்சனை விடுவித்து, பணிக்கொடையில் எழுநூற்றைம்பது ரூபாவை வெட்டினார்கள். அதை நான் தருகிறேன் என்று அவர் வீட்டுக்குப் போனேன். “போம் ஐசே, என்ர சட்டத்துக்கு நான் கட்டுறன்,” என்று படலையைச் சாத்தினார்.

கேட்ட பிள்ளைக்கு இதுதான் பதில். பிழையின் விலை, ஆயிரத்து முந்நூற்றைம்பது ரூபாவும் ஒரு நட்சத்திரமும்.